சிலந்தி வலை நனையவில்லை

தாராபுரம் பக்கம், தோட்டத்து வீடு
மார்கழிக் கடைசி

அன்புள்ள மருமகனுக்கு,

நீ அனுப்பிய ஏழு படங்களும் வந்தன. ஃபோனில் பார்த்தது போதாமல் உன் மாமாவின் கம்ப்யூட்டரில் போட்டுப் பெரிதாக்கிப் பார்த்தேன். முப்பது வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தாவரவியல் நடத்தியவளுக்குப் பூப்படம் அனுப்பினால் மார்க் போடாமல் விடமாட்டாள் என்று உனக்குத் தெரியும். தெரிந்தும் அனுப்பியிருக்கிறாய். அதற்கே ஐந்து மார்க்.

மூன்றாவது படத்துக்கு வருகிறேன். தும்பை. வெள்ளை இதழெல்லாம் முத்து முத்தாகத் தண்ணீர். பின்னால் இரண்டு பனைமரம் வெளுத்துப் போய்க் கரைந்து நிற்கிறது. உங்கப்பன் அதைத்தான் ஸ்டேட்டஸில் வைத்துவிட்டு ஊரெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறான். கண்ணு, அந்தப் பனி பொய். படத்தின் இடது மூலையில், தும்பைக்கும் கொழுக்கட்டைப் புல்லுக்கும் நடுவில் ஒரு சின்னச் சிலந்தி வலை இருக்கிறது, கவனித்தாயா? அதில் ஒரு சொட்டு இல்லை. மூடுபனி இறங்கினால் முதலில் கோத்துக்கொள்வது சிலந்தி வலைதான். பூ தலைக்குக் குளித்திருக்க, ஒரு சாண் தள்ளியிருக்கும் வலை எப்படிக் காய்ந்திருக்கும்? இன்னொன்று, செடியின் நிழல் தரையில் கோடு போட்டாற்போல் விழுந்திருக்கிறது. மூடுபனியில் நிழல் ஏது? பனைமரத்தின் வெளுப்பு பனியால் வந்ததல்ல. எட்டரை மணி வெயில் நேராக லென்ஸில் அடித்ததால் வந்தது. துணி இஸ்திரி போடும்போது தெளிக்கிற ஸ்ப்ரேயரை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாய்.

திட்டுவதற்காக இதை எழுதவில்லை. படங்களோடு நீ இரண்டு வரி எழுதியிருந்தாயே, "ஆறு மணிக்கே போனேன் அத்தை, ஒரு பூவும் திறக்கல, எல்லாம் சாம்பல் கலரா இருந்துச்சு, அதனால வெயில் வந்த அப்புறம் எடுத்தேன்" என்று. ஏழு படங்களைவிட அந்த இரண்டு வரிதான் எனக்குப் பிடித்தது. ஆறு மணிக்கு நீ போன இடத்தில் எடுப்பதற்கு அவ்வளவு இருந்திருக்கிறது. திறந்த பூவைத் தேடிப் போனதால் அது உன் கண்ணில் படவில்லை.

விஷ்ணுகிராந்தியை எடுத்துக்கொள். சட்டைப் பொத்தானைவிடச் சின்னது, அந்த நீலம் வேறெந்தப் பூவுக்கும் வராது. அது வெயில் பட்டால்தான் விரியும், மத்தியானம் தாண்டினால் சுருங்கிவிடும், மறுநாள் வேறு பூ. மூடுபனிக் காலையில் அது குடை மடக்கிய மாதிரிச் சுருண்டு நிற்கும். நெருஞ்சியும் அப்படித்தான், மஞ்சளை உள்ளே வைத்துக்கொண்டு சூரியனுக்குக் காத்திருக்கும். ஆவாரையில் பூவைவிட இலையைப் பார். இரவெல்லாம் மடிந்து தூங்கிய சிற்றிலைகள், வெளிச்சம் ஏற ஏற ஒவ்வொரு ஜோடியாகப் பிரியும். தும்பை மட்டும் மூடத் தெரியாமல் அப்படியே நனைந்துகொண்டு நிற்கும். இவை ஒவ்வொன்றும் அந்த நேரத்தில் ஒரு வேலை செய்துகொண்டிருக்கின்றன. நீ எடுக்கவேண்டியது அந்த வேலையை. மூடிய விஷ்ணுகிராந்தியை நீ எடுத்திருந்தால், அதைப் பார்ப்பவர்களில் பாதிப் பேர் முதல்முறையாக அந்தப் பூ தூங்குவதைப் பார்த்திருப்பார்கள்.

பூவோடு சேர்ந்து தூங்குகிறவர்களும் உண்டு. உடம்பில் நீலப் பட்டை போட்ட ஒரு காட்டுத் தேனீ இருக்கிறது. கூட்டமாக வாழாது. அதன் ஆண்கள் பொழுது சாய்ந்ததும் காய்ந்த புல் தண்டையோ குச்சியையோ வாயால் கவ்விக்கொண்டு வரிசையாகத் தொங்கி உறங்கும். விடிகிற நேரம் ரோமமெல்லாம் பனி பூத்து, கண்ணாடி மணி கோத்த மாதிரி இருக்கும். வெயில் வந்து உடம்பு சூடேறும்வரை அசையவே அசையாது. பகலில் அந்தத் தேனீயை ஒரு படம் எடுத்துப் பார், கேமராவைத் தூக்கி எறிந்துவிடுவாய். காலை ஆறரைக்கு அது உனக்காக அரைமணி நேரம் ஆடாமல் உட்கார்ந்திருக்கும். அப்புறம் வெயில் ஏறியதும் அதன் பெண்கள் ஆவாரம்பூவுக்குப் போகும். ஆவாரையில் தேன் கிடையாது, மகரந்தம்தான். அதுவும் உப்பு டப்பா மாதிரி நுனியில் ஓட்டை போட்ட பைக்குள் இருக்கும். பூவைக் கட்டிப்பிடித்து உடம்பை 'ர்ர்ர்' என்று அதிரவைத்தால்தான் கொட்டும். நாம் பெட்டியில் வளர்க்கிற தேனீக்கு அந்த வித்தை தெரியாது. ஒன்பது மணிக்கு ஆவாரம் புதர் பக்கத்தில் காதைக் கொடுத்து நின்றால் அந்தச் சத்தம் கேட்கும்.

தண்ணீர்ச் சொட்டுக்கு வருவோம். மூன்று வகைச் சொட்டு இருக்கிறது, மூன்றும் வேறு வேறு கதை சொல்லும். ஒன்று பனித்துளி. மேகமில்லாத இரவில் இலை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுக் குளிர்ந்துபோகும், காற்றிலிருக்கிற ஈரம் அதன்மேல் படியும். ஆகவே வானத்தைப் பார்த்த பக்கத்தில்தான் அதிகம் இருக்கும். வேப்பமரத்தடியில் இருக்கிற செடிக்கு வானம் மறைந்துபோவதால் பனியும் குறைவு. இரண்டாவது, செடி தானே வெளியே தள்ளுகிற நீர். மண்ணில் ஈரம் நிறைய இருந்தால் வேர் ராத்திரியெல்லாம் தண்ணீரை மேலே தள்ளும், புல்லின் நுனியில் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு சொட்டு, எண்ணி வைத்தாற்போல் நிற்கும். பிள்ளைகளிடம் அதைக் காட்டி, "இது வானத்துத் தண்ணியில்லை, கிணத்துத் தண்ணி" என்பேன். மூன்றாவது மூடுபனி. அது காற்றில் மிதந்து வருகிற பொடித் துளி. ரோமம், நூல், முள், எது மெலிசோ அதில் கோத்துக்கொள்ளும். பூளைச்செடி உடம்பெல்லாம் பஞ்சு. மூடுபனிக் காலையில் அது வெள்ளி பூசினாற்போல் ஆகிவிடும். ஸ்ப்ரேயர் சொட்டு இந்த மூன்றிலும் சேராது. கண்டபடி விழும், இலையின் அடியில்கூட ஒட்டியிருக்கும். உன் படத்தில் ஒட்டியிருக்கிறது.

இப்படிப் படம் எடுக்க நம் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தைவிட நல்ல இடம் நீ தேடவேண்டாம். ஊட்டிக்குப் போகவேண்டும், கொடைக்கானல் போகவேண்டும் என்று எழுதியிருந்தாய். போ, வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் இங்கே பார், நாலு பக்கமும் முள்கிளுவை வேலி, நடுவில் ஒன்றும் இரண்டுமாக வெள்வேலம், கீழே கொழுக்கட்டைப் புல், அதில் காங்கேயம் மாடு. உழாத மண் அது. புல்லுக்கு நடுவில் கொழுஞ்சி, தும்பை, விஷ்ணுகிராந்தி, ஓரிதழ்தாமரை என்று எத்தனை தலைமுறையாகவோ இருக்கின்றன. கார்த்திகையோடு மழை ஓய்ந்து, மண்ணில் ஈரம் மிச்சமிருக்க, வானம் தெளிந்து, காற்றும் நின்றுபோகிற ராத்திரிகளுக்கு மறுநாள்தான் இங்கே மூடுபனி இறங்கும். மார்கழியிலும் தையிலும் சில நாள். முதல்நாள் ராத்திரி நட்சத்திரம் பளிச்சென்று தெரிந்து, வாசல் கொடியில் துணி அசையாமல் தொங்கினால் அலாரம் வைத்துக்கொள். விடிந்ததும் கலைந்துவிடும் என்று நினைக்காதே. சூரியன் எழுந்த கையோடு சிலசமயம் இன்னும் அடர்த்தியாகும். இப்போது இங்கே உதயம் 6.40 வாக்கில். ஆறு மணிக்கு முன்னால் போய், எட்டரை வரை இருந்துவிட்டு வா.

சாம்பல் கலராக இருந்தது என்றாயே, அதற்குக் காரணம் பாதி கேமரா. மூடுபனி முழுக்க வெளிச்சம். அதைப் பார்த்த கேமரா, 'அடேயப்பா, இவ்வளவு வெளிச்சமா' என்று பயந்து தானே குறைத்துவிடும். வெள்ளை அழுக்காகிவிடும். கூட்டல் கழித்தல் குறி போட்டிருக்கிற இடத்தில் 0.7 அல்லது 1 கூட்டி வை. தும்பை எடுக்கும்போது மட்டும் ஜாக்கிரதை, அதன் கீழுதட்டில் இருக்கிற மெல்லிய வரிகள் வெளிச்சம் கூடினால் காணாமல் போய்விடும். ஒரு படம் எடு, பெரிதாக்கிப் பார், வரி தெரிந்தால் சரி. நிறத்துக்கு ஆட்டோவை நம்பாதே, வெயில் படம் போட்ட அமைப்பில் நிறுத்திவிடு. விடிவதற்கு முன்னால் இருக்கிற நீலமும், பின்னால் வருகிற வெதுவெதுப்பும் அதுவாகவே வரும். கிட்டே போ. உனக்கும் பூவுக்கும் நடுவில் காற்று எவ்வளவு குறைவோ அவ்வளவுக்குப் பூவின் நிறம் அப்படியே நிற்கும். பின்னால் இருப்பதை எல்லாம் பனி தின்றுவிடும். மூடுபனி உனக்குச் செய்கிற பெரிய உபகாரம் அதுதான்.

மேக்ரோ லென்ஸ் வாங்கட்டுமா என்று கேட்டிருந்தாய். அடுத்த வருஷம் வாங்கு. பொருள் எவ்வளவு அளவோ அதே அளவில் சென்சாரில் விழுகிற மாதிரி நெருங்கிவிட்டால், எஃப் 8-இல் வைத்தாலும் தெளிவாக இருப்பது 1 மில்லிமீட்டர் ஆழம்தான். மூச்சு விட்டால் பூ தெளிவை விட்டு வெளியே போய்விடும். முதலில் தரையில் படுக்கப் பழகு. ட்ரைபாட் எல்லாம் விஷ்ணுகிராந்திக்கு உயரம். மஞ்சப்பையில் இரண்டு கிலோ கம்பைக் கொட்டி வாயைக் கட்டு, அதன்மேல் கேமராவை அழுத்தி உட்காரவை, ஆடாது. உன் மாமா அந்தப் பையைப் பார்த்துவிட்டு "கோழிக்குப் போடறதா, கேமராவுக்குப் போடறதா" என்று கேட்பார், கேட்கட்டும். இன்னொரு விஷயம், வெளியே குளிர்ந்துபோன கேமராவைக் கையோடு அடுப்படிக்குக் கொண்டுவராதே. சூடான ஈரக் காற்று பட்டு லென்ஸ் முழுக்க வேர்த்துவிடும். பைக்குள் போட்டு மூடித் திண்ணையில் அரைமணி நேரம் விடு, அதற்குள் நீ காப்பி குடித்து முடித்துவிடலாம்.

உன்னைக் குறை சொல்கிற எனக்கும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. ஃபிலிம் காலம். ஒரு ரோலுக்கு 36 படம், கழுவி வாங்கப் பஸ் ஏறித் தாராபுரம் போகவேண்டும். ஒரு தை மாதக் காலை, கிழக்கு வேலியோரம் ஓரிதழ்தாமரை ஒன்று பார்த்தேன். ஐந்து இதழில் நாலு கண்ணுக்குத் தெரியாத அளவு, ஒன்று மட்டும் ரோஸ் நிறத்தில் பெரிதாக, நாக்கு நீட்டினாற்போல். மேலே காய்ந்த வெள்வேல முள்கொத்து ஒன்று விழுந்து கிடந்தது. சுற்றிலும் புல். படத்துக்கு அசிங்கமாக இருக்கிறதே என்று முள்ளை எடுத்து வேலிக்கு வெளியே எறிந்தேன், புல்லைக் கையால் பிடுங்கிச் சுத்தம் செய்தேன். நாலு படம் எடுத்தேன். மறுநாள் சாயங்காலம் போனால், செடி இருந்த இடத்தில் இரண்டு விரல் தண்டு. வெள்ளாடு மேய்ந்திருந்தது. அவ்வளவு ஆடு திரிகிற காட்டில் அந்தச் செடி அதுவரை பூத்ததே அந்த முள்ளுக்கு அடியில் ஒளிந்திருந்ததால்தான். நான் அசிங்கம் என்று எறிந்தது அதன் கூரை.

நாலு படத்தில் ஒன்று நன்றாக வந்தது. ஆல்பத்தில் இருக்கிறது, வரும்போது பார். ஸ்டூடியோவில் வைத்து எடுத்த மாதிரி இருக்கும். எந்த ஊர், எந்தக் காடு, எதற்குப் பக்கத்தில் வளர்ந்தது, ஒன்றும் தெரியாது. அதற்குப் பிறகு நான் முள்ளோடுதான் எடுக்கிறேன். புல் குறுக்கே வந்தால் ஒரு நூலால் லேசாக இழுத்துக் கட்டிவிட்டு, எடுத்தபின் அவிழ்த்துவிடுவேன். படம் எடுக்கும்போது பூவை மட்டும் எடுத்துவிட்டு வராதே. முழுச் செடி ஒன்று, இலை ஒன்று, பூவின் முதுகுப்பக்கம் ஒன்று. தும்பையில் எந்த இனம் என்று சொல்லவேண்டுமானால் பூவைப் பார்த்துச் சொல்ல முடியாது, அது உட்கார்ந்திருக்கிற பச்சைக் கிண்ணத்தின் வாய் எப்படி இருக்கிறது என்று பார்க்கவேண்டும். காம்பிள் துரை 1915-இல் வெளியிடத் தொடங்கிய சென்னை மாகாணத் தாவரப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு படத்தை அடையாளம் காண உட்கார்ந்துபார், நீ எடுக்காமல் விட்டதெல்லாம் அப்போது தெரியும்.

நாட்டுப் பூக்கள் என்று தலைப்புப் போட்டு அனுப்பியிருக்கிறாய். ஏழில் இரண்டு நாட்டுப் பூ இல்லை. நாலாவது படத்தில் மஞ்சள் நடுவும் வெளுத்த இதழுமாக ஒற்றைக் காம்பில் நிற்கிறதே, வெட்டுக்காயப் பூண்டு, அது அமெரிக்காவிலிருந்து வந்தது. நாம் சின்ன வயதில் முழங்காலில் அடிபட்டால் கசக்கி வைத்துக்கொள்வதால் நம்முடையது என்று நினைத்துவிட்டோம். ஆறாவது, உண்ணிச்செடி. அதுவும் அமெரிக்கச் சரக்கு. வெள்ளைக்காரர் காலத்தில் தோட்டத்து அழகுக்கு வந்து, காட்டையே வளைத்துக்கொண்டது. பிரம்மதண்டு, அந்திமந்தாரை எல்லாம் அந்தப் பக்கத்து ஆட்கள்தாம். அவற்றை எடுக்காதே என்று நான் சொல்லவில்லை. வெட்டுக்காயப் பூண்டில் உட்காராத பட்டாம்பூச்சி கிடையாது. பெயரைச் சரியாகப் போடு, அவ்வளவுதான். உனக்கு ஒரு குறுக்கு வழி சொல்கிறேன். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூ அடுக்கியிருக்கிறார். அதில் ஆவிரை உண்டு, தும்பை உண்டு, பூளை உண்டு. கொலம்பஸுக்குப் பிறகு கப்பலேறி வந்தது எதுவும் அந்தப் பட்டியலில் இருக்க வழியில்லை. பட்டியலில் இல்லாததெல்லாம் அந்நியம் என்று திருப்பிச் சொல்லிவிடாதே, விஷ்ணுகிராந்தி கோபித்துக்கொள்ளும்.

அதே பட்டியலில் முதலில் வருகிற காந்தளைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். மாநிலப் பூ. நீ அதை மலையில் தேடிக்கொண்டிருக்கிறாய். மூலனூர்ப் பக்கம் போனால் ஏக்கர் கணக்கில் பந்தல் மாதிரி கம்பி கட்டி வளர்க்கிறார்கள், கண்வலிக்கிழங்கு என்று பெயர். விதையிலிருந்து கால்சிசின் எடுக்கிறார்கள், மூட்டுவலி மருந்து. செடி முழுக்க விஷம், தொட்டால் கையைக் கழுவு. அந்தப் பூவில் சூல்தண்டு செங்கோணமாக மடங்கி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், தன் மகரந்தம் தன்மேல் படாமல் இருக்க. அதனால் பூக்கிற மாதங்களில் காலையிலேயே பெண்கள் வயலில் இறங்கி, ஒவ்வொரு பூவாக மகரந்தத்தைத் தொட்டு வைக்கிறார்கள். பனி ஈரத்தில் சிவப்புப் பூவுக்கு நடுவில் அந்தப் பெண்களின் கை. இந்த வருஷம் பருவம் முடிந்துவிட்டது, இப்போது நெற்றுதான் இருக்கும். அடுத்த ஐப்பசிக்கு வா. கிளுவை வேலியில் தானாக முளைத்த காந்தள் எங்காவது கண்ணில் பட்டால், படத்தைப் போடு, இடத்தைப் போடாதே. கிழங்கு தோண்டுகிறவர்களும் ஃபோன் வைத்திருக்கிறார்கள்.

போகிக்கு முந்தின நாளே வந்துவிடு, சாமி. காப்புக் கட்டுக்குப் பூளைப்பூ பறிக்க அப்பத்தா கொறங்காட்டுக்குப் போவாள். முழங்கால் வலியென்று சொன்னாலும் அதற்கு மட்டும் வேறு ஆளை அனுப்பமாட்டாள். எல்லாரும் வேரோடு பிடுங்கிக் கட்டுக் கட்டாகக் கொண்டுபோகையில் அவள் மட்டும் ஒரு செடிக்கு இரண்டு கொத்து கிள்ளி மடியில் போடுவாள். ஆவாரம்பூவும் வேப்பிலையும் சேர்த்துக் கட்டினால் வீட்டு நிலைவாசலுக்கு ஒன்று, மாட்டுக்கட்டுத்தரைக்கு ஒன்று, கிணற்றடிக்கு ஒன்று, காட்டு மூலைக்கு ஒன்று. எடுத்தால் அதை எடு. நேராக நிற்கச் சொல்லாதே, கேமராவைப் பார்க்கச் சொல்லாதே, பார்த்தால் கல்யாணப் போட்டோ மாதிரி விறைத்துக்கொள்வாள். ஐந்தே முக்காலுக்கு வடக்குப் படலைத் திறந்துவைக்கிறேன். உள்ளே வந்ததும் சாத்திவிடு, சென்ற வருஷம் நீ திறந்துபோட்டுப் போய் மயிலைக் கன்று ரோடு வரை போய்விட்டது.

ஸ்வெட்டர் எடுத்து வா. ஸ்ப்ரேயரையும் எடுத்து வந்துவிடாதே, உன் அம்மாவிடம் கொடுத்துவிடு. பொங்கல் துணி இஸ்திரி போட ஒரு வாரமாக அதைத் தேடிக்கொண்டிருப்பதாக நேற்று ஃபோனில் சொன்னாள். உன் படங்கள் வந்தது அதற்குப் பிறகுதான்.

அன்புடன்,
அத்தை